கிளைமாக்ஸ் அக்கா முழுப் படம் பார்த்த கதை

தியேட்டரில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கிளைமாக்ஸ் அக்கா என்றால்தான் தெரியும். மேனேஜர்கூட வருகைப் பதிவேட்டை நீட்டும்போது "கிளைமாக்ஸ், இங்க ஒரு கையெழுத்துப் போடும்மா" என்பார். அவளும் கோபித்துக்கொள்ள மாட்டாள். அந்தப் பட்டம் சும்மா வந்ததில்லை, வேலை செய்து வாங்கியது.

ஒரு காட்சி முடிந்து அடுத்த காட்சிக்கு ஆட்களை உள்ளே விட இருபது நிமிடம்தான் இடைவெளி. அதற்குள் நானூற்றுப் பன்னிரண்டு இருக்கைக்கு அடியிலும் பெருக்க வேண்டும், கொட்டிக் கிடக்கும் பாப்கார்னை அள்ள வேண்டும், ஒட்டியிருக்கும் சூயிங் கம்மைச் சுரண்ட வேண்டும். விளக்கு எரிந்த பிறகு துடைப்பத்தைத் தேடப் போனால் வேலைக்கு ஆகாது. அதனால் படம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போதே அவளும் கூட வேலை பார்க்கும் குள்ளம்மாவும் துடைப்பமும் வாளியுமாக உள்ளே வந்து, பின்வரிசைத் திரைச்சீலை ஓரம் நின்றுகொள்வார்கள். மற்ற நேரமெல்லாம் படிக்கட்டு, கழிவறை, வாசல் கண்ணாடி. இப்படி ஒன்பது வருடத்தில் ஐந்நூறு படத்துக்காவது முடிவு பார்த்திருப்பாள். ஒன்றின் ஆரம்பத்தையும் பார்த்தது கிடையாது.

அதற்காக அவள் வருத்தப்பட்டதுமில்லை. முடிவைப் பார்த்தால் முன்கதையைத் தானே சொல்லிவிடலாம் என்பது அவள் கட்சி. "ஏர்போர்ட்ல ரெண்டு பேரும் கட்டிப் பிடிச்சு அழுவுறாங்கன்னா, முன்னாடி சண்ட போட்டிருப்பாங்க. கடைசியில தாடிக்காரன் விலங்கோட போறான்னா, முன்னாடி கொல பண்ணியிருப்பான். இதச் சொல்ல எதுக்கு ரெண்டரை மணி நேரம்?" என்று கேட்பாள். பாதிப் படங்களுக்கு அவள் சொல்லும் கதை படத்தில் இருப்பதைவிட நன்றாக இருக்கும். டிக்கெட் கிழிப்பவர் அதைக் கேட்பதற்கென்றே டீயைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பார்.

வீடு இரண்டு தெரு தள்ளி, சைக்கிள் பழுது பார்க்கும் கடைக்கு மேலே இரண்டு அறை. அதில் அவளும் அவள் அண்ணியும் இருந்தார்கள். அண்ணிக்கு மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. தேய்த்து வரும் லென்சை ஃபிரேமில் பொருத்தி, திருகு முடுக்கி, துடைத்து, உறையில் போட்டுக் கொடுப்பாள். வெங்காய விதை அளவு திருகுகளோடு பன்னிரண்டு வருடமாகப் பழகியதாலோ என்னவோ, அண்ணிக்குப் பேச்சும் அளந்துதான் வரும். சரியான அழுத்தக்காரி. அவளுக்கும் சேர்த்து இவள் பேசிவிடுவாள்.

இருவருக்கும் நடுவில் இருந்திருக்க வேண்டியவன் அண்ணன். அப்பா அம்மா போன பிறகு தங்கையைத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பி வளர்த்தவன் அவன்தான். கல்யாணம் பேசியபோதே, "இவளும் என்கூடத்தான் இருப்பா, வாய் கொஞ்சம் நீளம், யோசிச்சுச் சொல்லுங்க" என்று பெண்ணிடம் நேராகக் கேட்டவன். கல்யாணமாகி ஒன்றரை வருடத்தில் போர் வந்தது, படைக்குப் போனான். பிறகு ஒரு கடிதம் வந்தது. ஆற்றைக் கடந்த படைப்பிரிவில் இருபத்திரண்டு பேர் திரும்பவில்லை என்றும், அவனும் அவர்களில் ஒருவன் என்றும், காணவில்லை என்றும் அதில் இருந்தது.

காணவில்லை என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அவள் பன்னிரண்டு வருடம் ஓட்டிவிட்டாள். "காணோம்னுதானே எழுதியிருக்கான்? செத்துட்டான்னு எழுதலையே. நாங்கூடத்தான் வாரத்துக்கு ரெண்டு தடவ கத்திரிக்கோலக் காணோம்கிறேன், கிடைக்காமலா போகுது?" என்று சொல்லி, கேட்பவர் வாயை அடைப்பாள். அண்ணி அப்போது எழுந்து போய் அடுப்பைத் துடைப்பாள்.

எட்டு மாதம் முன்பு இன்னொரு கடிதம் வந்தது, கூடவே ஒரு படிவம். இத்தனை வருடம் கழிந்துவிட்டதால், குடும்பத்தார் விண்ணப்பித்தால் அவனை இறந்தவனாகப் பதிவு செய்வார்களாம். மனைவி ஒரு கையெழுத்து, உடன்பிறந்தவர் ஒரு கையெழுத்து, இரண்டும் வேண்டுமாம். அவள் அதை நான்காக மடித்துப் போர்வை அலமாரியில் அடியில் செருகினாள். "இப்ப என்ன அவசரம் அண்ணி, அப்புறம் பாத்துக்கலாம்" என்றாள். அண்ணி "சரி" என்றாள். அதன் பிறகு அதைப் பற்றி ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

ஆனால் இரண்டு மாதம் கழித்து, பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் அண்ணி ஒன்று சொன்னாள். "கடையில லென்ஸ் தேய்க்கிறவர் இருக்காரில்ல, அவர் என்னைக் கட்டிக்கிறேன்னு கேட்டார். பேப்பர் முடிஞ்சாத்தான் எதுவும் பேச முடியும்னு சொல்லிட்டேன்."

அந்த லென்ஸ்காரரிடம் குறை கண்டுபிடிக்க அவள் படாத பாடு பட்டாள். வீட்டுக்கு இரண்டு தடவை வந்தார். ஒரு தடவை ஒழுகிய குழாயைச் சரி செய்தார், தரையில் சிந்திய தண்ணீரையும் துடைத்துவிட்டுப் போனார். டீயைச் சத்தமில்லாமல் குடித்தார். அவள் பேசியதைக் குறுக்கே பேசாமல் முக்கால் மணி நேரம் கேட்டார். நல்ல மனிதர் என்பது தெரிந்ததும் அவளுக்கு எரிச்சல் இன்னும் அதிகமாயிற்று. கெட்டவராக இருந்தால் வேலை சுலபம்.

உண்மையைச் சொன்னால், அவள் பயம் இரண்டு. கையெழுத்துப் போட்டால் அண்ணனைத் தன் கையாலேயே சாகடித்த மாதிரி. போட்ட மறுநாள் அண்ணி பெட்டியைக் கட்டினால் தனக்கென்று உலகத்தில் ஒருவரும் இல்லை. இதில் எந்தப் பயம் பெரிது என்று அவளே தன்னைக் கேட்டுக்கொண்டதில்லை. கேட்டால் பதில் அசிங்கமாக இருக்கும் என்று தெரியும்.

இந்த நேரம் பார்த்துத்தான் அந்தப் போர்ப் படம் வந்து சேர்ந்தது.

போரில் காணாமல் போன வீரர்களைப் பற்றிய படம் என்று சுவரொட்டியிலேயே போட்டிருந்தது. முதல் வாரமே தியேட்டர் நிரம்பிவிட்டது. அவள் வேலைக்கு வந்த நாளிலிருந்து இப்படி ஒரு கூட்டத்தைப் பார்த்ததில்லை. விளக்கு எரிந்த பிறகும் யாரும் எழுந்திருக்க மாட்டேன் என்றார்கள். கறிக்கடைக்காரர், ஆட்டை ஒரே வெட்டில் சாய்க்கிறவர், முன்னிருக்கையில் தலையைச் சாய்த்துக்கொண்டு குலுங்கினார். சண்டை போட்டுக்கொண்டே உள்ளே போன புருஷன் பெண்டாட்டி கையைக் கோத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். ஒரு பெரியவர் இஸ்திரி போட்ட சட்டையில் தினமும் மதியக் காட்சிக்கு வந்து, திரை அணைந்ததும் எழுந்து நின்று சல்யூட் அடித்துவிட்டுப் போனார். ஒரு அம்மாள் கைப்பையிலிருந்து சின்னப் போட்டோ ஒன்றை எடுத்து, படம் ஓடிய நேரமெல்லாம் அதையும் திரைப் பக்கம் திருப்பிப் பிடித்திருந்தாளாம், பக்கத்து இருக்கைக்காரர் சொன்னார். ஈரமான கைக்குட்டையும் காகிதமுமாக வாளி மூன்று தடவை நிறைந்தது. "படமா எடுத்திருக்கான், ஊரையே பிழிஞ்சு போட்டுட்டான்" என்று குள்ளம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

கிளைமாக்ஸ் அக்காவுக்கு மட்டும் அழுகை வரவில்லை. மாறாகக் குதூகலம். ஏனென்றால் அவள் பார்த்த முடிவு இது: வெறிச்சோடிய ரயில் நிலையம். ஒருத்தி நிற்கிறாள். ரயிலிலிருந்து தாடி வளர்ந்த ஒருவன் காலை இழுத்துக்கொண்டு இறங்குகிறான். அவள் ஓடிப் போகிறாள். அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு சாவியை எடுத்து அவள் உள்ளங்கையில் வைக்கிறான். அவள் அவனைக் கட்டிக்கொண்டு கதறுகிறாள். இருட்டு. அவ்வளவுதான்.

"பாத்தியா குள்ளம்மா, வந்துட்டான் பாரு! இத்தன வருஷம் கழிச்சு, வீட்டுச் சாவியக்கூடத் தொலைக்காம வந்துட்டான்!" என்றாள்.

குள்ளம்மாவும் முடிவு மட்டும் பார்ப்பவள்தான். ஆமாம் என்று தலையாட்டினாள். விஷயம் தெரிந்தவர்கள் யாரும் வாயைத் திறக்கவில்லை. காரணம், படம் வந்த அன்றே மேனேஜர் எல்லோரையும் கூப்பிட்டு, "கிளைமாக்ஸோட அண்ணன் விஷயம் தெரியுமில்ல, அவகிட்ட இந்தப் படத்தப் பத்தி யாரும் மூச்சு விடக்கூடாது" என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். நல்ல மனசோடு செய்ததுதான். அந்த நல்ல மனசுதான் அவளைக் கொண்டுபோய்க் குழியில் தள்ளியது.

மூன்றாவது வாரம் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். அண்ணியைக் கூட்டிவந்து இந்தப் படத்தைக் காட்டிவிட வேண்டும். சினிமா என்றாலும் காற்றிலிருந்தா எடுப்பார்கள்? எங்கோ ஒருவன் வந்திருக்கிறான், அதனால்தானே எடுத்திருக்கிறார்கள். கண்ணால் பார்த்தால் அண்ணி மனசு மாறும், லென்ஸ்காரருக்குப் பொறுமையாக ஒரு டீயைக் கொடுத்து அனுப்பிவிடலாம்.

"அண்ணி, செவ்வாய்க்கிழமை எனக்கு லீவு. உங்களுக்கும் மத்தியானம் கடை கிடையாது. படத்துக்குப் போலாமா? எனக்கு ரெண்டு இலவச பாஸ் இருக்கு."

அண்ணி கையிலிருந்த துணியை மடிப்பதை நிறுத்தினாள். "எந்தப் படம்?"

"அந்தப் போர்ப் படந்தான். பயப்படாதீங்க, கடைசி நல்லா இருக்கும். நான் கியாரண்டி."

அண்ணி துணியை மடித்து முடித்தாள். பிறகு, "சரி, போலாம்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை மதியம் இருவரும் நல்ல புடவை கட்டிக்கொண்டு போனார்கள். வாசலில் டிக்கெட் கிழிப்பவருக்கு அவர்களைக் கண்டதும் முகத்தில் ஈயாடவில்லை. "அக்கா, இந்தப் படம் எதுக்குக்கா? அடுத்த வாரம் காமெடிப் படம் வருது, அதுக்கு வாங்களேன், பாப்கார்ன் நான் வாங்கித் தரேன்" என்றார்.

"ஏன், நாங்கல்லாம் நல்ல படம் பாக்கக் கூடாதா?" என்று அவள் இடித்தாள். அவர் உதவிக்கு அண்ணியைப் பார்த்தார். அண்ணி மெல்லத் தலையசைத்தாள். அவர் பாஸைக் கிழித்துக் கொடுத்தார்.

முதல் அரை மணி நேரம் அவளுக்கு இருப்பே கொள்ளவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த இருக்கையில் உட்கார்ந்திருக்கிறாள். முன்னால் ஒருவன் பாப்கார்னைச் சிந்தச் சிந்த அவள் கை துடைப்பத்தைத் தேடியது. "பாருங்க அண்ணி, அந்தப் பய காலால தேய்க்கிறான், குள்ளம்மாதான் சுரண்டணும்" என்று கிசுகிசுத்தாள். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகப் படம் அவளை இழுத்தது. படத்தில் வந்த புருஷன் சாப்பாட்டை அவசர அவசரமாகச் சாப்பிட்டான், அண்ணனைப் போல. கிளம்பும்போது வீட்டைப் பூட்டி, சாவியைத் தானே பையில் போட்டுக்கொண்டு, மனைவியிடம் "நான் வந்து திறக்கிறேன்" என்றான். அவளுக்கு ஒரே சிரிப்பு. ரயில் நிலையத்தில் தாடியோடு நிற்கப்போகிறவன் இவன்தானே என்று அவன்மேல் ஒரு உரிமையே வந்துவிட்டது.

இடைவேளைக்குப் பிறகு எதிரியின் கைதி முகாம். அங்கே இன்னொரு வீரன் வந்தான். காலில் அடிபட்டு, இழுத்து இழுத்து நடந்தான். தாடி வளர்ந்திருந்தது.

அவள் இருக்கை நுனிக்கு வந்தாள்.

கம்பி வேலிக்குள் ஒரு குளிரில், அந்தப் புருஷன் காய்ச்சலில் கிடந்தான். கால் இழுக்கிறவன் மடியில் தலை. அவன் கை சட்டைப் பைக்குள் போய் எதையோ தேடியது. என்ன வரப்போகிறது என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. சாவி கைமாறியது. ரயிலிலிருந்து இறங்குபவன் அந்தப் புருஷனில்லை, இந்தக் கால் இழுக்கிறவன். அவள் நாற்பது தடவை பார்த்து மகிழ்ந்த அந்த முடிவு, சாவுச் செய்தி வந்து சேருகிற இடம். இதைக் காட்டத்தான் அண்ணியைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்திருக்கிறாள்!

"அண்ணி, எந்திரிங்க. எனக்கு வயித்த என்னமோ பண்ணுது. வீட்டுக்குப் போலாம்."

"உக்காரு."

"வேணாம் அண்ணி, படம் நல்லா இல்ல, வாங்க போயிடலாம்."

அண்ணி அவள் மணிக்கட்டைப் பிடித்து உட்கார வைத்தாள். "உக்காருடி. இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு. அடுத்து அவன் பொண்டாட்டி கிணத்தடியில உக்காந்திருப்பா, அதுக்கப்புறந்தான் ஸ்டேஷன்."

அவள் சட்டென்று திரும்பினாள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"மூணு தடவ பாத்துட்டேன். கடைக்கு லீவு சொல்லிட்டுக் காலைக் காட்சிக்கு வருவேன். அப்ப உனக்கு ட்யூட்டி இருக்காதில்ல."

பின்னாலிருந்து யாரோ "ஷ்ஷ்" என்றார்கள். இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். திரையில் கிணற்றடி வந்தது, ஸ்டேஷன் வந்தது. ரயில் நின்றபோது கிளைமாக்ஸ் அக்கா அழுத அழுகை அந்தத் தியேட்டர் கேட்டிராத அழுகை. கறிக்கடைக்காரரெல்லாம் பக்கத்தில் நிற்க முடியாது. ரயிலும் திரையும் அவளுக்குத் தெரியவில்லை. அண்ணன் தெரிந்தான், எங்கேயோ ஒரு குளிரில், யார் மடியிலோ, மடிகூட இல்லாமலோ.

விளக்கு எரிந்தது. கூட்டம் கலைந்தது. துடைப்பத்தோடு வந்த குள்ளம்மா இவர்களைப் பார்த்துவிட்டு, அந்த வரிசையை மட்டும் விட்டுவிட்டு மற்ற வரிசைகளைப் பெருக்கத் தொடங்கினாள்.

"மூணு தடவ பாத்துட்டு, எதுக்கு என்கூட வந்தீங்க?" என்று அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்.

"நீ அவ்வளவு ஆசையாக் கூப்பிட்ட. கடைசி நல்லா இருக்கும்னு வேற சொன்ன. மாட்டேன்னு சொல்ல வாய் வரல. நீயே உக்காந்து பாத்தாத்தான் ஆகும்னும் தோணுச்சு."

"தனியா எதுக்கு வந்தீங்க அண்ணி? அதுவும் மூணு தடவ?"

அண்ணி முன்னிருக்கையைப் பார்த்துக்கொண்டு பேசினாள். அவள் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றுதான்.

"அழறதுக்குத்தான். இங்க வந்தா எல்லாரும் அழறாங்க, நானும் அழுதா யாரும் திரும்பிப் பாக்க மாட்டாங்க. வீட்ல எங்க அழறது? நான் அழுதா அவர் போயிட்டார்னு ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். நீ கத்திரிக்கோலு கிடைச்ச கதையச் சொல்லிட்டு என் முகத்தப் பாப்ப. உன்னை வெச்சுக்கிட்டு நான் எப்படி அழுவேன், சொல்லு? நீ ஒடஞ்சு போயிடுவன்னு பன்னெண்டு வருஷமா அடுப்பத் தொடச்சிட்டிருக்கேன்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எட்டு மாதமாக உள்ளே கிடந்ததைக் கேட்டாள்.

"கையெழுத்துப் போட்டா நீங்க போயிடுவீங்களா அண்ணி?"

அண்ணி திரும்பிப் பார்த்தாள். "எங்க போவேன்? அவர் கேட்ட அன்னைக்கே சொல்லிட்டேன். என்கூட ஒருத்தி வருவா, வாய் ஓயாது, சம்மதமான்னு. முக்கால் மணி நேரம் உன் பேச்சக் கேட்டுட்டுப் போனாரே, அது எதுக்குன்னு நினைச்ச? பரீட்சை."

"பாஸாயிட்டாரா?"

"காதுல பஞ்சு வெச்சுக்கலாமான்னு கேட்டார். வேணாம்னுட்டேன்."

அழுகையோடு சிரிப்பும் வந்து அவளுக்குப் புரை ஏறியது. அண்ணி முதுகில் தட்டினாள். குள்ளம்மா கடைசி வரிசையையும் முடித்துவிட்டு வாளியோடு வந்து நின்று, "அடுத்த ஷோ விடணும்" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள்.

வியாழக்கிழமை காலை இருவரும் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு, படிவத்தை எடுத்துக்கொண்டு அதை அனுப்பிய அலுவலகத்துக்குப் போனார்கள். நீளமான கூடம், வரிசையாக மர பெஞ்சு, சுவரில் மெதுவாக ஓடும் கடிகாரம். மேசைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட குமாஸ்தா படிவத்தை விரித்து, மடிப்புகளைக் கையால் நீவினார். ஒவ்வொரு வரியாகப் படித்துக் கேட்டார். கடைசி வரியில் விரலை வைத்தார். காணாமல் போனவர் உயிரோடிருப்பதாக நம்புவதற்குக் காரணம் ஏதும் உண்டா? உடன்பிறந்தவர் தம் கையால் எழுத வேண்டும்.

அவளிடம் காரணம் ஒரு மூட்டை இருந்தது. பன்னிரண்டு வருடமாகச் சேர்த்தது. எல்லாவற்றையும் ஒரு தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். அண்ணி பக்கத்தில் நின்றாள். பேனாவைப் பார்க்கவில்லை, அவசரப்படுத்தவில்லை.

"எங்கண்ணன் நாளைக்கே வந்து நின்னா?" என்று அவள் குமாஸ்தாவைக் கேட்டாள்.

இதை எல்லோரும் கேட்டிருப்பார்கள் போல. அவர் சலித்துக்கொள்ளவில்லை. "வந்து நின்னா இந்தப் பேப்பர நானே என் கையால கிழிச்சுப் போடறேம்மா. அதவிட எனக்கு என்ன வேணும்?"

அவள் குனிந்து, இல்லை என்று எழுதினாள். கீழே கையெழுத்துப் போட்டாள். பேனாவை அண்ணியிடம் கொடுத்தாள். அண்ணி ஒரு திருகைப் பொருத்துவதுபோல நிதானமாகத் தன் பெயரை எழுதி முடித்தாள். குமாஸ்தா முத்திரை குத்தி, நகலை மடித்துக் கொடுத்தார்.

வெளியே வெயில். வாசலில் அகலமான படிகள், ஆட்கள் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார்கள். நாலு படி இறங்கியதும் அண்ணி நின்றாள். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, என் ராஜா" என்று பட்டப்பகலில், பத்துப் பேர் பார்க்க, அவளிடமிருந்து வெடித்துக்கொண்டு வந்தது.

கிளைமாக்ஸ் அக்கா பக்கத்தில் உட்கார்ந்து, அண்ணியின் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். நின்று வேடிக்கை பார்த்த ஒருவனை முறைத்து நகர வைத்தாள்.

"அழுங்க அண்ணி. நல்லா அழுங்க. எனக்கு ஒண்ணும் ஆகாது."